சக்கரம் மிதித்த ஒதியேர்ன் வளைகூரையின் கீழே நின்றது

ஒதியேர்னைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அவள் வளைகூரையின் கீழே நின்ற கதையைத்தான் சொல்வார்கள். ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். மாவரைக்கிற ஆலைக்காரன் சொல்வதில் ஒரு தேவதூதன்கூட வருகிறான். அன்றைக்கு அங்கே தேவதூதன் யாரும் வரவில்லை. வந்தது நான்.

என் பெயர் ரிஷில்த். பிரேவோ மடத்துக் கோயில் கட்டுமானத்தில் அவளும் நானும் ஒரே சக்கரத்தில் இருபத்தொன்பது வருஷம் நடந்தோம். கூரைக்கு அடியில், உத்தரங்களின் மேல் உட்கார்ந்திருக்கிற மரச்சக்கரம் அது. மூன்று ஆள் உயரம். அதற்குள் இரண்டு பேர் அருகருகே நடக்க வேண்டும். நடந்தால் சக்கரம் சுற்றும், அச்சில் கயிறு சுற்றும், கீழே கிடக்கிற கல் ஆடி ஆடி மேலே வரும். காலுக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் எண்பது அடிக்கு வெறும் காற்று. தலை சுற்றுகிறவர்களுக்கு அங்கே வேலை கிடையாது. ஒதியேர்னுக்கோ தினமும் தலை சுற்றும். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். ஏறிய முதல் நாளே சொன்னாள்:

"அடியே ரிஷில்த், குடிக்காமலே போதை ஏறுதுடி!"

"வாய மூடிட்டு நட. நீ நின்னா நான் விழுவேன், நான் நின்னா நீ விழுவ."

"விழுந்தா சேந்து விழுவோம், பேசிட்டே போகலாம்."

இப்படிப்பட்டவளோடு இருபத்தொன்பது வருஷம். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அவள் பிறந்த கதையே மடத்தின் கதைதான். ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் நான்கு பேர், ஒரு ஒழுங்குப் புத்தகத்தையும் யாரோ ஒரு புனிதரின் சுண்டுவிரல் எலும்பையும் எடுத்துக்கொண்டு லுவார் ஆற்றில் படகில் வந்தார்களாம். எங்கள் ஊர்க் கரையில் படகு நின்றுவிட்டது. தேவதூதன் பிடித்து நிறுத்தினான் என்று துறவிகள் ஆட்டுத்தோலில் எழுதி வைத்திருக்கிறார்கள். மணல்திட்டு என்று படகுக்காரர்கள் சொல்கிறார்கள். எப்படியோ, இறங்கியவர்கள் மரத்தால் ஒரு கோயில் கட்டினார்கள். வடக்கத்திக் கடல்கொள்ளையர் வந்து அதைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அடுத்தது கல்சுவர், மரக்கூரை. அதை எந்தக் கொள்ளையனும் வந்து கொளுத்தவில்லை. கோயில் பணியாளர் ஒருவர் மெழுகுவத்தியை அணைக்க மறந்து தூங்கியதே போதுமானதாக இருந்தது. எரிந்ததைச் சரிபண்ணி, மேலே ஒரு கோபுரத்தையும் தூக்கி வைத்தார்கள். அந்தக் கோபுரம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் விழுந்தது. அத்தனை துறவிகளும் அப்போது உணவறையில் விலாங்குமீன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் எங்கள் மடத்தில் விலாங்குமீனைப் பற்றி யாரும் குறை பேசக் கூடாது.

அந்தச் சத்தத்தில் பயந்து, துணி துவைத்துக்கொண்டிருந்த ஒதியேர்னின் அம்மாவுக்கு ஆற்றங்கரையிலேயே வலி கண்டுவிட்டது. "கோபுரம் விழுந்துச்சு, நான் எந்திரிச்சேன்" என்று சாகிறவரைக்கும் பெருமையடித்துக்கொண்டாள் ஒதியேர்ன். கோபுரம் விழுந்த பிறகு எழுப்ப ஆரம்பித்ததுதான் இப்போதுள்ள கோயில். இனிமேல் மரக்கூரையே வேண்டாம், தலைக்கு மேலேயும் கல்தான் என்று முடிவு செய்தார்கள். அவளுக்கு என்ன வயதோ அதுதான் கோயிலுக்கும். இரண்டும் சேர்ந்தே அகலமாகிக்கொண்டு வந்தன.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அழகில்லாததால் இல்லை, பல் எல்லாம் தெரிகிற மாதிரி சிரிக்கிற நல்ல முகம். காரணம் வேறு. ஏழு தலைமுறைக்குள் சொந்தம் இருந்தால் கட்டக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். எங்கள் ஊரில் நாற்பது வீடு. ஏழு தலைமுறை பின்னால் போனால் நாற்பது வீடும் ஒரே அடுப்பில் கஞ்சி குடித்தது தெரியும். பண்டகசாலைச் சாமியார் எவ்ராருக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். எவன் பெயரைச் சொன்னாலும், "அவன் உன் பூட்டனுக்குப் பூட்டனோட தங்கச்சி வழி" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சரி, வெளியூரில் கட்டலாம் என்றால், நாங்கள் மடத்துக்குச் சொந்தமான ஆட்கள். மடத்து ஆள் வேறொரு பிரபுவின் ஆளைக் கட்டினால் பிறக்கிற பிள்ளைகள் அங்கே போய்விடும். அதனால் அதற்கும் அனுமதி இல்லை. உள்ளே கட்டினால் பாவம், வெளியே கட்டினால் குற்றம். நான் தப்பித்தது எப்படியென்றால், என் புருஷன் யாருக்கும் சொந்தமில்லாத ஊர்சுற்றிக் கல்தச்சன். வந்தார், கட்டினார், கல்தூசி தின்றே போய்ச் சேர்ந்தார். கல்யாணத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது.

ஒதியேர்னுக்கு இருந்தது. நாற்பது வயதில் வந்தது அந்த வினை, அக்கரையிலிருந்து.

அக்கரை ஒரு பிரபுவுக்குச் சொந்தம். கல்குவாரியும் அங்கேதான். வெட்டிய கல்லைப் படகில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவருகிறவன் கோஸ்லென். அவனும் அந்தப் பிரபுவின் ஆள். மெலிந்த உடம்பு, பெரிய காது. கல்லைக் கயிற்றில் கட்டிவிடுகிற வேலையும் அவனுடையதே. ஒரு நாள் மேலே வந்த கல்லின்மேல், நார் போட்டுக் கட்டின ஒரு பாலாடைக்கட்டி உட்கார்ந்திருந்தது.

"யாரோ மறந்து வச்சுட்டாங்க," என்றாள் ஒதியேர்ன்.

"முடிச்சுப் போட்டா மறப்பாங்க?" என்றேன் நான்.

மறுநாள் வெங்காயம். அடுத்த வாரம் இலையில் சுற்றின சுட்ட விலாங்கு. இவள் காலிக் கூடையைக் கீழே அனுப்பும்போது அதில் கம்பளிக் காலுறை வைத்தாள், அப்பம் வைத்தாள், ஒரு தடவை தன் தலைமுடியைப் பின்னி வைத்தாள். அவன் அதைத் தூண்டில் நூல் என்று நினைத்து மீன் பிடித்து, பிடித்த மீனையும் மேலே அனுப்பினான். ஆறு வருஷம் இப்படி. பேச்சு என்று பார்த்தால் வருஷத்துக்கு நாலு வார்த்தை இருக்கும். எண்பது அடிக்குக் கீழே நிற்கிறவனிடம் என்ன பேச முடியும்? "ஏ புள்ள, சாப்பிட்டியா?" என்று அவன் கத்துவான். "சாப்பிட்டியா... பிட்டியா..." என்று கோயில் முழுக்கச் சுற்றி வரும். பாட்டு நேரத்தில் துறவிகள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். இவள் சிரிக்க ஆரம்பிப்பாள். சக்கரத்துக்குள் ஒருத்தி சிரித்தால் இன்னொருத்திக்குக் கால் தடுமாறும். வந்த பாலாடைக்கட்டியில் பாதியை நான் தின்றதால் ரொம்பத் திட்டவும் முடியவில்லை.

இரண்டு தடவை அனுமதி கேட்டுப் போனாள். தினமும் காலையில் துறவிகள் எல்லோரும் ஒரு மண்டபத்தில் சுவரோரக் கல்திண்டில் வட்டமாக உட்கார்ந்து ஒழுங்குப் புத்தகத்திலிருந்து ஒரு அதிகாரம் வாசிப்பார்கள். முடிந்ததும் ஊர் வழக்கு கேட்பார்கள். முதல் தடவை, பிள்ளைகள் அக்கரைக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை அவளுக்கு நாற்பத்தைந்து. துணைக்கு நானும் போயிருந்தேன்.

"சாமி, இனிமே எனக்கு எங்க பிள்ளை பொறக்கப் போவுது?" என்றாள்.

எவ்ரார் சாமியார் எழுந்தார். "சாராள் தொண்ணூறு வயசுல ஈசாக்கைப் பெத்தா. வேதத்துலயே இருக்கு. உனக்கு இன்னும் நாப்பத்தஞ்சு வருஷம் இருக்கும்மா."

மடாதிபதி ஆர்துவென் நல்ல மனுஷர்தான், ஆனால் வேதத்தை எடுத்துப் பேசினால் வாயடைத்துப் போவார். திரும்பி வரும்போது ஒதியேர்ன் அழுவாள் என்று நினைத்தேன். வெடித்துச் சிரித்தாள். சக்கரத்தில் ஏறின பிறகுதான் அழுதாள், நடந்துகொண்டே. நானும் நடந்துகொண்டே அவள் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

இப்போது வளைகூரைக்கு வருகிறேன்.

கல் வளைவைச் சும்மா காற்றில் கட்ட முடியாது. முதலில் மரத்தில் வளைவாகச் சாரம் கட்டி, அதன்மேல் கல் அடுக்கி, சாந்து பூசி, நடுவில் பூட்டுக்கல்லை இறக்குவார்கள். சாந்து இறுகின பிறகு அடியில் இருக்கிற ஆப்புகளைத் தட்டி எடுத்துச் சாரத்தை இறக்க வேண்டும். இறக்கும்போது கல் நின்றால் கோயில், நிற்காவிட்டால் கல்லறை. எங்கள் கொத்தனார்களுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. வளைவின் கீழே, அதைக் கட்டினதில் கை வைத்த ஓர் ஆள் கையில் நிறைந்த திராட்சரசக் கோப்பையோடு நிற்க வேண்டும். யாரும் நிற்காத வளைவின் ஆப்பைத் தொட மாட்டார்கள், தலையை வெட்டினாலும் மாட்டார்கள். கடைசி ஆப்பு விழுகிற வரைக்கும் நின்றவர் எதைக் கேட்டாலும் மடாதிபதி கொடுத்தாக வேண்டும்.

எங்கள் கூரை ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு வளைவு. ஐந்து கட்டத்துக்கும் மேஸ்திரி லாம்பேர்தான் நின்றார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது கேட்டு வாங்குவார்: ஒரு பீப்பாய் ரசம், அணில்தோல் வைத்த செருப்பு, எவ்ரார் சாமியார் ஒரு மாதம் தன்னிடம் பேசக் கூடாது என்ற உத்தரவு. நானும் ஒதியேர்னும் மேலே நடந்துகொண்டே, நாம் நின்றால் என்ன கேட்போம் என்று பேசிக்கொள்வோம். நான் மடத்து ரொட்டி அடுப்படி வேலையைக் கேட்பேன் என்பேன். தரைமட்டத்தில் இருக்கிறது, சூடாக இருக்கிறது, உட்கார்ந்து பிசையலாம். என் முட்டி இரண்டும் போய்விட்டிருந்தன. அவள் என்ன கேட்பாள் என்று சொல்லவே வேண்டாம்.

ஆறாவது கட்டம், மேற்கு வாசலுக்கு மேலே இருப்பது, அந்த வருஷக் கோடையில் முடிந்தது. கோடை என்று பெயர்தான். மழை நிற்கவே இல்லை. சுண்ணாம்புச் சாந்து இறுகாமல் பச்சையாகவே கிடந்தது. ஆனால் நவம்பரில் புனித மார்ட்டின் திருநாளுக்கு ஆயர் வருகிறார், சுண்டுவிரல் எலும்பைப் புதுப் பீடத்தில் வைக்கப் போகிறார். மேற்கு வாசலை அடைத்துக்கொண்டு சாரம் நிற்கிறது. திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு மடாதிபதி கீழே வந்து நின்றார். நாங்கள் மேலே இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அடுத்த ஈஸ்டர் வரைக்கும் விடுங்க சாமி," என்றார் லாம்பேர். "சாந்து இன்னும் கஞ்சி மாதிரி இருக்கு."

"ஆயர் நாளன்னிக்கு வரார், மேஸ்திரி."

"அப்ப நீங்க நில்லுங்க."

மடாதிபதி எவ்ராரைப் பார்த்தார். எவ்ரார் தரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னும் மூன்று துறவிகளுக்கு அந்த நேரம் பார்த்து மௌன விரதம் ஞாபகம் வந்துவிட்டது. கையை ஆட்டி ஆட்டிச் சைகையில் ஏதோ சொன்னார்கள். எனக்குப் புரிந்தவரை எல்லாச் சைகையும் 'நான் இல்லை' என்றுதான் இருந்தது.

எனக்குப் பக்கத்தில் ஒதியேர்ன் மூச்சை இழுத்தாள். அந்த இழுப்பு எனக்குத் தெரியும். வாயைப் பொத்துவதற்குள் கத்திவிட்டாள்.

"நான் நிக்கிறேன்!"

நான் நிக்கிறேன், நிக்கிறேன், நிக்கிறேன் என்று ஐந்து கட்டமும் சுற்றி வந்து ஆறாவதில் மோதியது. கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மடாதிபதி சிலுவை போட்டுக்கொண்டார்.

லாம்பேர் ஏணி ஏறி எங்களிடம் வந்தார். மனுஷர் அப்படி ஏறி நான் பார்த்ததே இல்லை.

"விளையாடாத ஒதியேர்ன். இது நிக்கும்னு நானே சத்தியம் பண்ண மாட்டேன்."

"விழும்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"அதுவும் மாட்டேன்."

"அப்ப போதும்."

"லூசாடி நீ?" என்றேன் நான். "நாப்பத்தாறு வயசுல ஒரு படகுக்காரனுக்காக நசுங்கிச் சாவியா? அவன் காதப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன்டி. எண்பது அடிக்கு மேலருந்தே தெரியுது."



கோஸ்லெனுக்குச் செய்தி போனதும் படகைக் கட்டக்கூட இல்லாமல் ஓடி வந்தான். படகு தானாகப் போய் அதே பழைய மணல்திட்டில் நின்றதாகப் பிறகு சொன்னார்கள். அவன் நேராக மடாதிபதியின் காலில் விழுந்தான். "அத்தனை கல்லையும் ஏத்துனது நான். நான் நிக்கிறேன் சாமி." எவ்ரார் மறுத்துவிட்டார், அவன் செத்தால் அக்கரைப் பிரபுவுக்கு மடம் பதிலுக்கு ஆள் கொடுக்க வேண்டுமாம். அப்போதுதான் அவர்கள் இரண்டு பேரும் ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார்கள். கோஸ்லென் அவளையே பார்த்தான்.

"நீ இவ்வளவு உயரமா, புள்ள?" என்றான்.

"நீ இவ்வளவு குள்ளமா?" என்றாள்.

இரண்டும் பைத்தியம் மாதிரிச் சிரித்தன.

திருநாளுக்கு முந்தின நாள், மத்தியானப் பாட்டு முடிந்ததும் ஊரே மேற்கு வாசலுக்கு வெளியே கூடிவிட்டது. துறவிகள் எல்லோரும் பீடத்துப் பக்கம், இடிந்தாலும் எட்டாத தூரத்தில் நின்று சங்கீதம் பாடினார்கள். கொத்தனார்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இரண்டு பக்கச் சுவர்விளிம்பிலும் சுத்தியலோடு நின்றார்கள். மொத்தம் நாற்பத்திரண்டு ஆப்பு. நடுவில், பூட்டுக்கல்லுக்கு நேர் கீழே, ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையோடு ஒதியேர்ன். கையில் விளிம்பு தட்ட ரசம்.

லாம்பேர் கையைத் தூக்கினார். முதல் ஆப்பு விழுந்தது.

நான் வாசலில் நின்றேன். நிற்கத்தான் நினைத்தேன். ஐந்தாவது ஆப்பு விழும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. அழுத அந்த ஒரு நாளைத் தவிர, இருபத்தொன்பது வருஷத்தில் சிரிப்பில்லாத அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அவள் தனியாக இருந்தாள். அவள் வலது காலை லேசாகத் தூக்கி வைத்ததைப் பார்த்தேன், சக்கரத்தில் நடக்க ஆரம்பிக்கும்போது வைப்பாளே, அப்படி. அவ்வளவுதான், என் கால் என்னைக் கேட்கவில்லை. அவள் கால் எடுத்தால் என் கால் எடுக்கும், அது பழக்கம். யாரோ பின்னால் "ஏய், ஏய்!" என்றார்கள். பத்தாவது ஆப்பு விழும்போது நான் அவள் இடது பக்கத்தில், என் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"நீ எதுக்குடி வந்த, கழுதை?"

"எனக்கே தெரியல. சும்மா இரு, ரசம் சிந்துது."

"கால் நடுங்குதுடி."

"நடுங்குனா நட."

நின்ற இடத்திலேயே நடந்தோம். இடது, வலது, இடது, வலது. சுத்தியல் சத்தத்துக்கு அது சரியாகப் பொருந்தியது. மேலே நாற்பது வண்டிக் கல். கீழே இரண்டு கிழட்டுப் பெண்கள், எங்கும் போகாமல் நடந்துகொண்டு. முதலில் யார் சிரித்தது என்று அவள் சாகிறவரைக்கும் எங்களுக்குள் சண்டை. ஆரம்பித்தபின் நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வெளியே நின்றவர்களுக்கு நாங்கள் ஜெபம் பண்ணி அழுகிற மாதிரித் தெரிந்ததாம். பாதி ஊர் முழங்காலில் விழுந்துவிட்டது.

முப்பதாவது ஆப்பில் மரம் ஒரு விரல் கீழே இறங்கியது. கல்லும் ஒரு விரல் இறங்கியது.

சிரிப்பு நின்றது. உள்ளே பாடிக்கொண்டிருந்த துறவிகளும் நடுப்பாட்டில் நிறுத்திவிட்டார்கள். மேலே பெரிய மாடு முனகுகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் தலையில் சுண்ணாம்புத்தூள் கொட்டியது. லாம்பேர் முகம் அதைவிட வெளுத்திருந்தது. "ஓடுங்க!" என்றார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

"கடைசி ஆப்பு வரைக்கும்டி," என்றாள்.

"தட்டுங்கடா!" என்று நான் கத்தினேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியாது. சீக்கிரம் முடியட்டும் என்று இருந்திருக்கும்.

தட்டினார்கள். மரம் இன்னொரு விரல் இறங்கியது. கல் இறங்கவில்லை. மரம் ஒரு சாண் இறங்கியது. கல் அங்கேயே நின்றது. மரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் மேற்கு ஜன்னல் வெயில் புகுந்து, அந்தக் கல் வளைவு எதையும் தொடாமல் மேலே நின்றதை எல்லோரும் பார்த்தோம். நாங்கள் நடந்து நடந்து தூக்கின கல், ஒவ்வொன்றும். நாற்பத்திரண்டாவது ஆப்பு விழுந்ததும், ஒதியேர்ன் கோப்பையில் விழுந்திருந்த சுண்ணாம்புக் கட்டியைச் சுண்டி எறிந்துவிட்டு, ரசத்தை ஒரே மடக்கில் குடித்தாள். ஊர் போட்ட கூச்சலில் புறாக்கள் எல்லாம் வெளியே பறந்தன. கோஸ்லென் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதான்.

மடாதிபதி வந்தார். அவர் கண்ணும் ஈரம். "கேள் மகளே."

"கோஸ்லெனக் கட்டிக்கணும் சாமி. கட்டிக்கிட்டு அக்கரைக்குப் போகணும்."

அவர் தலையசைக்கப் போனார். எவ்ரார் இருமினார்.

"வழக்கம் ஒரு ஆளுக்குத்தான். நின்னது ரெண்டு ஆள். பயத்தையும் ரெண்டாப் பங்கு போட்டாச்சு, அப்ப கேக்கறதும் பாதிதான்."

நான் போய் நின்றதால் கெட்டது! யாராவது என்னை இழுத்து வெளியே தள்ளியிருந்தால் அவளுக்கு முழுசாகக் கிடைத்திருக்கும்.

"பாதிக் கல்யாணம்னா என்ன சாமி?" என்று ஒதியேர்ன் கேட்டாள்.

"கல்யாணம் பண்ணிக்கலாம். நீ இந்தக் கரையில இருக்கணும், அவன் அந்தக் கரையில இருக்கணும்."

"அதத்தான ஆறு வருஷமாப் பண்ணிட்டிருக்கோம்!" என்று வாசலில் இருந்து கத்தினான் கோஸ்லென். ஊர் சிரித்தது. எவ்ரார் சிரிக்கவில்லை. மடாதிபதிகூட உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ரிஷில்த், உன் பாதிக்கு உனக்கு என்ன வேணும்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுப்படிதான் முதலில் ஞாபகம் வந்தது. சூடான மாவு வாசனை, உட்கார ஒரு முக்காலி, மழையில்லாத இடம். இனிமேல் ஏணியே ஏற வேண்டாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒதியேர்ன் என்னைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் சுண்ணாம்பு.

"அடுப்படி கேளுடி," என்றாள் மெதுவாக. "உன் முட்டிக்குக் கேளு. என்னப் பாக்காத."

இவளை என்ன செய்வது, சொல்லுங்கள்! எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆறு வருஷம் பாலாடைக்கட்டியில் பாதி கொடுத்தவள், இப்போது கல்யாணத்திலும் பாதியை விட்டுக்கொடுக்கிறாள்.

"சாமி," என்றேன், "என் பாதியையும் அவ பாதியோட சேத்துக் குடுத்துடுங்க."

எவ்ரார் விரலை மடக்கினார். "பாதியும் பாதியும்..."

"ஒண்ணு, எவ்ரார்," என்றார் மடாதிபதி. "ஒண்ணு."

புதுக் கூரைக்குக் கீழே, மேற்கு வாசலில் வைத்தே அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று, ஆயர் வந்த அதே நாளில். ஆயருக்கு அந்த நாளில் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. ஊர் முழுக்க ஒதியேர்னைச் சுற்றித்தான் ஆடியது. மேஸ்திரி லாம்பேர் எவ்ரார் சாமியாரோடு ஆடினார், சாமியாரின் விருப்பத்தைக் கேட்காமல். நான் புது ரசம் ஆறு கோப்பை குடித்துவிட்டு, முட்டியை மறந்து ஆடி, மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். ஒதியேர்ன் அக்கரையில் பதினான்கு வருஷம் வாழ்ந்தாள், நன்றாக வாழ்ந்தாள். கோஸ்லெனைத் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வாழ்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தால் பூட்டுக்கல்லுக்கு நேர் கீழே அல்லாமல் வேறெங்கும் நிற்க மாட்டாள்.

அவள் புறப்பட்ட நாளைச் சொல்லி முடிக்கிறேன். நான் கரைக்குப் போகவில்லை. அழுவேன் என்று தெரியும், அங்கே எவ்ரார் நின்றிருந்தார். அதனால் ஏணி ஏறிச் சக்கரத்துக்குள் போனேன். அங்கிருந்து கூரைச் சாளரம் வழியாக ஆறு தெரியும். படகு நடு ஆற்றுக்குப் போனதும் ஒதியேர்ன் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லிக் கோஸ்லென் கத்துவது மேலே வரை கேட்டது. அவள் கோயில் கூரையைப் பார்த்துத் திரும்பி, படகே ஆட ஆட, நின்ற இடத்தில் நடக்க ஆரம்பித்தாள். வலது காலை முதலில் தூக்கினாள். நானும் தூக்கினேன். சக்கரம் கிறீச்சென்று அசைந்தது. இருபத்தொன்பது வருஷம் நடந்தவள் இப்போதுதான் ஓர் இடத்துக்குப் போய்ச் சேருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது. படகு அக்கரை தொடுகிற வரைக்கும் இரண்டு பேரும் நடந்தோம். கயிற்றில் கல் எதுவும் கட்டியிருக்கவில்லை.